பள்ளியில் மனநலம்: முடிவெடுக்கும் இடத்தில் மாணவர்களும் இருக்க வேண்டும் என்பதன் பொருள் என்ன?

ஒரு பள்ளி, பிள்ளைகளின் மனநலத்துக்காக ஆலோசகர் ஒருவரை வேலைக்கு அமர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல எண்ணம்தான். அறை ஒதுக்குகிறார்கள், நாற்காலிகள் போடுகிறார்கள், கதவில் பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள், காலைக் கூட்டத்தில் அறிவிக்கிறார்கள். இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. அந்த அறைப் பக்கம் யாரும் வரவில்லை. "பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை போல" என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் ஓர் ஆசிரியை ஒன்பதாம் வகுப்பில் காரணம் கேட்கிறார். பதில் உடனே வருகிறது. "மிஸ், அந்த ரூம் ஹெச்.எம். ரூமுக்குப் பக்கத்துல இருக்கு. உள்ள போனா எல்லாரும் பார்ப்பாங்க. என்ன தப்பு பண்ணினேன்னு கேட்பாங்க." இன்னொரு மாணவி சொல்கிறாள்: "இடைவேளையில மட்டும்தான் போக முடியும். பத்து நிமிஷத்துல எதைச் சொல்றது?"

இந்த இரண்டு தகவலும் பள்ளியில் இருந்த பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அறைக்கு இடம் பார்க்கும் முன்பே நான்கு மாணவர்களிடம் கேட்டிருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது. உதவி தேவைப்பட்ட ஒரு பிள்ளை அந்த இரண்டு மாதத்தைத் தனியாகக் கடந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் உறுத்துகிறது.

மாணவர்களின் மனநலம், நலவாழ்வு தொடர்பாகப் பள்ளி எடுக்கும் முடிவுகளில் மாணவர்களையும் சேர்த்துக்கொள்வது என்று சொல்லும்போது, அடிப்படையில் இதைத்தான் சொல்கிறோம். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. செய்யும்போதுதான் எங்கெங்கே தடுமாறுகிறோம் என்று தெரியும். முதன்முறையாக இதைப் பற்றி யோசிக்கும் ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் மூவருக்குமாக இதை எழுதுகிறேன்.

எந்த முடிவுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

"மனநலம்" என்றதும் நம் மனம் ஆலோசகர், மருத்துவர், மாத்திரை என்று போய்விடுகிறது. அவையும் தேவைதான். 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் மீதி ஆறு பேருக்கும் மனம் உண்டு. அந்த மனம் நாளின் பெரும்பகுதியைப் பள்ளியில்தான் கழிக்கிறது.

அப்படிப் பார்த்தால் பள்ளி எடுக்கும் எத்தனையோ சாதாரண முடிவுகள் மனநல முடிவுகளாகவும் இருக்கின்றன. ஒரே நாளில் எத்தனை தேர்வு வைக்கலாம்? மதிப்பெண்ணை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கலாமா? தாமதமாக வந்த பிள்ளையை வாசலில் நிற்க வைக்கலாமா? மதிய இடைவேளை எவ்வளவு நேரம்? ஒருவன் கேலி செய்யப்படுகிறான் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது, சொன்ன பிறகு என்ன நடக்கும்? கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிலர் நெற்றியைச் சுருக்கலாம். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போகப் பயந்து ஒரு சிறுமி காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்தால், கடைசிப் பாடவேளையில் அவளுக்குத் தலைவலியும் எரிச்சலும் வரும். "ஏன் கவனிக்கவில்லை?" என்று திட்டும் வாங்குவாள். அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதைவிட ஒரு தாழ்ப்பாள் அதிகம் உதவும். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வர வேண்டியதில்லை, அவளிடம் கேட்டால் போதும். ஆனால் அவள் சொல்லக்கூடிய விதத்தில் கேட்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இது உரிமை என்று எங்கே சொல்லியிருக்கிறது?

1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவைத் தவிர ஐ.நா.வின் எல்லா உறுப்பு நாடுகளும் அதை உறுதி செய்திருக்கின்றன. அதில் 12-ஆம் பிரிவு நம் விஷயத்துக்கு அடித்தளம். சொந்தமாக ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்ளக்கூடிய எந்தக் குழந்தைக்கும், தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் அந்தக் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உரிமை உண்டு. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்கப்பட வேண்டும். சாரம் இவ்வளவுதான்.

இதில் இரண்டு பாதிகள் இருப்பதைக் கவனியுங்கள். முதல் பாதி, சொல்லும் உரிமை. இரண்டாவது பாதி, சொன்னதற்கு மதிப்பு. பெரும்பாலான பள்ளிகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. ஒரு கருத்துப்பெட்டி, ஆண்டுக்கு ஒரு கேள்வித்தாள், முடிந்தது. இன்னொன்று, "சொன்னபடியே நடக்க வேண்டும்" என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டுமா என்று பதறுகிறவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்கலாம். முடிவெடுக்கும் பொறுப்பு பெரியவர்களிடமே இருக்கலாம். பிள்ளைகள் சொன்னதை எடைபோட்டுப் பார்த்துத்தான் அந்த முடிவு வர வேண்டும்.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. யானுஷ் கோர்ச்சாக் என்ற போலந்து மருத்துவர் 1912 முதல் வார்சாவில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தை நடத்தினார். அங்கே பிள்ளைகளுக்கென்று ஒரு நீதிமன்றம் இருந்தது. பிள்ளைகளே நீதிபதிகள். பெரியவர்கள் மீதும் புகார் கொடுக்கலாம். கோர்ச்சாக்கே அந்த நீதிமன்றத்தின் முன் நின்றிருக்கிறார். தன் தவறுக்கும் ஒரு விசாரணை உண்டு என்று ஒரு பெரியவர் ஒப்புக்கொண்டால் பிள்ளைகளுக்கு எவ்வளவு தைரியம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயருக்குச் சேர்ப்பதும் உண்மையாகச் சேர்ப்பதும்

1992-இல் ரோஜர் ஹார்ட் என்பவர் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் "பங்கேற்பு ஏணி" என்ற படத்தைக் கொடுத்தார். மொத்தம் எட்டுப் படிகள். கீழே உள்ள மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. முதல் படியில், தாங்கள் எதற்காக நிற்கிறோம் என்றே தெரியாமல் பிள்ளைகள் பெரியவர்களின் வேலைக்குப் பயன்படுத்தப்படுகிறார்கள். இரண்டாவது படியில் அவர்கள் மேடை அலங்காரம். மூன்றாவது படி பெயரளவுப் பங்கேற்பு: கூட்டத்தில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், புகைப்படத்தில் இருப்பார்கள், ஆனால் எதை முடிவு செய்யப் போகிறோம் என்று அவர்களிடம் முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கிருந்து மேலே போகப் போக, விவரம் சொல்லி வேலை ஒப்படைப்பது, கலந்தாலோசிப்பது, சேர்ந்து முடிவெடுப்பது என்று பங்கு கூடுகிறது.

எல்லா விஷயத்திலும் உச்சிப் படிக்கு ஏறியாக வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்ளத் தேவையில்லை. தீ விபத்துப் பயிற்சியை எப்படி நடத்துவது என்பதில் விவரம் சொல்லிக் கருத்துக் கேட்டால் போதுமானது. கேலிக்கு எதிரான விதிகளை எழுதும்போது சேர்ந்தே எழுத வேண்டும். எந்த விஷயத்தில் எந்தப் படி என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது முக்கியம். "இதில் உங்கள் கருத்தைக் கேட்கிறோம், முடிவு எங்களுடையது" என்று நேராகச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். "முடிவு உங்களுடையது" என்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்கள்.

எனக்கு ஹார்ட்டின் ஏணியைவிட அதிகம் பயன்பட்டது லாரா லண்டி 2007-இல் கொடுத்த நான்கு சொற்கள். வட அயர்லாந்தில் பணிபுரிந்த கல்வி உரிமை ஆய்வாளர் அவர். 12-ஆம் பிரிவை நிறைவேற்ற நான்கு விஷயங்கள் தேவை என்றார்: இடம், குரல், செவி, தாக்கம்.

இடம் என்றால் பயமில்லாமல் பேசக்கூடிய சூழல். தலைமையாசிரியரின் அறையில், அவர் மேசைக்கு முன் வரிசையாக நிற்க வைத்து "குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டால் "இல்லை சார்" என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் வராது. குரல் என்றால் கருத்தை உருவாக்கிச் சொல்வதற்கான உதவி: விவரம், நேரம், எழுத்து, படம், பேச்சு என்று எந்த வழி வசதியோ அந்த வழி. செவி என்பது, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் உண்மையிலேயே உட்கார்ந்து கேட்பது. தாக்கம் என்றால் சொன்னதால் ஏதாவது மாறுவது. மாறவில்லையென்றால் ஏன் என்ற விளக்கமாவது கிடைப்பது.

இந்த நான்கில் மூன்றாவதுதான் அதிகம் நழுவுகிறது. பிள்ளைகள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேட்பவர் இளம் ஆசிரியர் ஒருவர். அக்கறை உள்ளவர், எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார். ஆனால் கால அட்டவணையை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. குறிப்பு ஒரு கோப்புக்குள் போகிறது. பிள்ளைகள் ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, இவர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறார்கள். அந்த ஆசிரியர் மீது இருந்த நம்பிக்கையும் போய்விடுகிறது. அதனால்தான் இதைத் தொடங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கூட்டத்தில் யார் உட்காரப் போகிறார்கள்? அவர் கையெழுத்துப் போட்டால் எது மாறும்?"

இதனால் பலன் உண்டா?

உண்டு. ஆனால் மந்திரம்போல நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எனக்குத் தெரிந்த மூன்று பெரிய சோதனைகளைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 40 உயர்நிலைப் பள்ளிகளில் மூன்று ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த செயற்குழு ஒன்றை அமைத்தார்கள். அந்தப் பள்ளி மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பின் முடிவுகளை வைத்துக்கொண்டு எதை முதலில் சரிசெய்வது என்று அந்தக் குழு தீர்மானித்தது. விதிகளைத் திருத்துவதும் அதன் வேலை. தண்டனைக்கு முதலிடம் கொடுக்காமல் உறவைச் சீர்செய்யும் முறைகளையும், உணர்ச்சிகளைக் கையாளும் பாடங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். 2018-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. கேலிக்கும் கொடுமைக்கும் ஆளாவது ஓரளவு குறைந்திருந்தது, மனநலன் மேம்பட்டிருந்தது. அளவில் சிறிய மாற்றம்தான். ஆனால் ஒரு சிறிய மாற்றம் ஒரு பள்ளியின் எல்லாப் பிள்ளைகளையும் தொடும்போது அது சிறியதாகத் தெரியாது.

அதே ஆண்டு அதே இதழில் பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த சோதனையும் வெளிவந்தது. 70-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள். மாணவர்களும் இடம்பெற்ற நலக்குழு, மனதில் உள்ளதை எழுதிப் போடும் பெட்டி, சுவர் இதழ், தனிப்பட்ட ஆலோசனை என்று முழுப் பள்ளியையும் தழுவிய திட்டம். ஒரு பிரிவுப் பள்ளிகளில் இதை நடத்தப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை அமர்த்தினார்கள். அவர் மனநல மருத்துவத்தில் பட்டம் பெற்றவர் இல்லை. இன்னொரு பிரிவுப் பள்ளிகளில், ஏற்கனவே அங்கே பணியில் இருக்கும் ஆசிரியர் ஒருவரிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாக மேம்பட்டது, மனச்சோர்வும் கேலி கொடுமையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அப்படியொரு பலன் தெரியவில்லை. ஆசிரியர்கள் திறமையற்றவர்கள் என்று இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பாடம், திருத்தல், தேர்வு எல்லாவற்றையும் சுமப்பவரின் தலையில் இதையும் ஏற்றினால் இதற்கான நேரமும் மனமும் அவரிடம் மிஞ்சாது என்றே நினைக்கிறேன். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதற்கு ஒரு மனிதரின் நேரம் தேவை. அதை ஒதுக்காமல் தொடங்காதீர்கள்.

மூன்றாவது சோதனை எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகள், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். எல்லோருக்கும் பொதுவாக மனக்கவனப் பயிற்சி (மூச்சிலும் இந்த நொடியிலும் கவனத்தை நிறுத்தப் பழகுவது) கொடுத்தால் மனச்சோர்வு குறையுமா என்று பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தபோது, பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் சமூக, உணர்ச்சிசார் பாடங்களைவிட அது சிறந்ததாக இல்லை என்று தெரிந்தது. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைப் பெரும்பாலான பிள்ளைகள் செய்யவே இல்லை. திட்டத்தை உருவாக்கியவர்கள் அக்கறையில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் பெரியவர்களுக்குப் பிடித்த மருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் பிடிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இது உனக்கு உதவுமா, எப்படி இருந்தால் செய்வாய் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கத்தான் வேண்டும்.

ஏன் பலன் கிடைக்கிறது என்பதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி மனிதருக்கு மூன்று அடிப்படை உளத்தேவைகள்: தன் வாழ்க்கையில் தனக்கும் ஒரு பிடி இருக்கிறது என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, நானும் இவர்களில் ஒருவர் என்ற உணர்வு. ஒரு பிள்ளை சொன்னதைக் கேட்டு ஒரு விதி மாறும்போது மூன்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. ஆக, கேட்பதால் நல்ல முடிவு கிடைக்கிறது என்பது ஒரு பக்கம். கேட்கப்படுவதே மனதுக்கு நல்லது என்பது இன்னொரு பக்கம்.

செய்து பார்த்தால் எப்படி இருக்கும்?

ஓர் உதாரணத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் தேர்வுப் பதற்றம் அதிகம். பிள்ளைகள் தேர்வுக்கு முந்தைய நாள் வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வாரம் ஒரு தியான வகுப்பு வைக்கலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. வைப்பதற்கு முன் பிள்ளைகளையும் கேட்கலாம் என்று முடிவாகிறது.

கேள்வியை எப்படி அமைப்பது என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. "தியான வகுப்பு வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டால் பெரியவர்களின் பதிலுக்குள்ளேயே பிள்ளைகளை அடைத்துவிடுகிறோம். "தேர்வு நாட்களில் எது உங்களை அதிகம் பாடாய்ப் படுத்துகிறது?" என்று கேட்டால் கதவு திறக்கிறது. பெயர் எழுதாத சீட்டில் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் யாரும் எதிர்பார்க்காதவை வருகின்றன. ஒரே நாளில் மூன்று பாடத்துக்குச் சிறுதேர்வு. எல்லா வீட்டுப்பாடமும் திங்கட்கிழமை காலையில் கொடுக்க வேண்டும் என்பதால் ஞாயிறு இரவு தூக்கமில்லை. இவற்றைவிட அதிகம் பேர் எழுதியது: "விடைத்தாள் கொடுக்கும்போது மார்க்கை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிக்காதீங்க."

அடுத்து, ஒரு சிறு குழு. வகுப்புக்கு இருவர் என்று மாணவர்கள், மூன்று ஆசிரியர்கள், முடிவெடுக்கக்கூடிய ஒருவர். எதை மாற்ற முடியும், எதை முடியாது என்பதை முதல் கூட்டத்திலேயே அவர்களிடம் சொல்கிறார்கள். பொதுத்தேர்வு தேதி பள்ளியின் கையில் இல்லை, சிறுதேர்வுத் தேதி இருக்கிறது. இப்படி எல்லையைக் காட்டுவது பிள்ளைகளை அடக்குவதாகாது. எங்கே முட்டினால் கதவு திறக்கும் என்று காட்டுவதாகும். ஆசிரியர்கள் தரப்பில் உள்ள சிரமமும் அங்கேயே பேசப்படுகிறது. ஆளுக்கொரு தேதியில் சிறுதேர்வு வைப்பது ஏன் என்றால், மற்றவர் எப்போது வைக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாணவி கேட்கிறாள்: "அப்போ ஸ்டாஃப் ரூம்ல ஒரே காலண்டர்ல எல்லாரும் எழுதி வெச்சா போதாதா?" போதும். யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

முடிவுகள் இப்படி வருகின்றன: ஒரு நாளில் இரண்டுக்கு மேல் சிறுதேர்வு இல்லை. பொதுவான நாட்காட்டி ஒன்று. விடைத்தாளை மடித்துக் கையில் கொடுப்பது, மதிப்பெண்ணை உரக்கப் படிப்பதில்லை. வீட்டுப்பாடத்தைப் பிரித்துப் பல நாட்களில் வாங்கும் யோசனையை ஆசிரியர்கள் இப்போதைக்கு ஏற்கவில்லை. அடுத்த பருவத்தில் ஒரே ஒரு வகுப்பில் முயன்று பார்க்கலாம் என்று முடிவாகிறது. தியான வகுப்பு விரும்புகிறவர்களுக்கு மட்டும். எட்டு வாரம் கழித்து அதே கேள்வியை அதே சீட்டில் மறுபடியும் கேட்கிறார்கள். மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் செய்ததற்கே அர்த்தமில்லை.

யாருடைய குரல் வருகிறது?

மாணவர் மன்றம் என்று ஒன்று இருக்கும் பள்ளிகளில், அதில் பெரும்பாலும் யார் இருக்கிறார்கள்? நன்றாகப் பேசுகிறவர்கள், நன்றாகப் படிக்கிறவர்கள், ஆசிரியர்களுக்குப் பிடித்தவர்கள். அவர்கள் மேல் தவறில்லை. ஆனால் பள்ளி அவர்களுக்கு ஏற்கனவே ஓரளவு வசதியான இடம். கடைசி வரிசையில் உட்கார்ந்து யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர், வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வருபவர், மாற்றுத்திறனாளி மாணவர், அடிக்கடி விடுப்பு எடுப்பவர், தண்டனை வாங்கிக்கொண்டே இருப்பவர். இவர்களிடம்தான் நமக்குத் தெரியாத தகவல் அதிகம் இருக்கிறது. கூட்டத்துக்கு அழைத்தால் இவர்கள் வர மாட்டார்கள்.

அதனால் கூட்டம் இல்லாத வழிகள் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, பள்ளியின் வரைபடம். பள்ளியின் எளிய வரைபடத்தை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுங்கள். மனதுக்கு நன்றாக இருக்கும் இடத்தில் பச்சைப் புள்ளி, போகப் பிடிக்காத இடத்தில் சிவப்புப் புள்ளி. பெயர் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்தால், மாடிப்படித் திருப்பத்தில் சிவப்பு மொய்த்துக்கொண்டிருக்கும். அங்கேதான் கேலி நடக்கிறது, அங்கேதான் பெரியவர்கள் யாரும் நிற்பதில்லை. ஒரு வார்த்தை பேசாத பிள்ளையும் அதைச் சொல்லியிருப்பான்.

புகைப்படம் எடுக்கச் சொல்வதும் நல்ல வழி. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 1990-களில் இதை ஓர் ஆய்வு முறையாகவே வளர்த்தார்கள். தங்கள் வாழ்க்கையை மக்களே படமெடுத்து, அந்தப் படங்களை வைத்துப் பேசி, முடிவெடுப்பவர்களிடம் கொண்டுபோவது. பள்ளியில் செய்தால் ஆட்களின் முகம் வராமல் இடங்களையும் பொருட்களையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சின்ன வகுப்புகளுக்கு வரைவது போதும்.

எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மனநலம் பற்றிப் பேசுவதும் சிற்றுண்டி பற்றிப் பேசுவதும் ஒன்று கிடையாது.

பிள்ளைகளிடம் பள்ளியைப் பற்றிக் கேளுங்கள், அவர்களுடைய காயத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். "இங்கே யாருக்காவது மனச்சோர்வு வந்திருக்கிறதா?" என்று குழுவில் கேட்பது கொடுமை. "மனம் சரியில்லாத ஒரு மாணவர் நம் பள்ளியில் உதவி கேட்க நினைத்தால் என்ன தடையாக இருக்கும்?" என்று கேட்டால் அதே தகவல் வரும், யாரும் தன்னைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. தன் சொந்த அனுபவத்தை மேடையில் சொல்லச் சொல்லி எந்தப் பிள்ளையையும் தூண்டக் கூடாது. இன்று கைதட்டல் கிடைக்கும். நாளை அதே கதையைச் சொல்லி ஒருவன் அவனைக் குத்திக்காட்டுவான்.

ரகசியம் காப்பேன் என்று முழு உறுதி கொடுக்காதீர்கள். பேசத் தொடங்கும் முன்பே, "நீங்கள் சொல்வதை நான் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். அப்போது உங்களுக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள்.

கருத்துப்பெட்டி வைத்தால் அதைத் தினமும் திறக்க ஒருவர் வேண்டும். மாதம் ஒருமுறை திறக்கும் பெட்டியில் "இனிமேல் இருக்கவே பிடிக்கவில்லை" என்று ஒரு சீட்டு மூன்று வாரம் கிடந்தால் என்ன ஆகும்? திறப்பவர் யார், அவசரமான சீட்டு வந்தால் அவர் யாரிடம் போவார் என்பது பெட்டியை மாட்டும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எப்போதெல்லாம் திறப்போம், உடனே உதவி வேண்டுமென்றால் யாரை நேரில் பார்க்கலாம் என்பதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம், குழுவில் இருக்கும் மாணவர்களை ஆலோசகர்களாக ஆக்கிவிடக் கூடாது. அவர்களிடம் மற்ற பிள்ளைகள் வந்து மனம்விட்டுப் பேசுவார்கள், அது நடக்கும். அதைத் தனியாகச் சுமக்காமல் எந்தப் பெரியவரிடம் கொண்டுபோவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழுவிலிருந்து விலக நினைத்தால் காரணம் சொல்லாமல் விலகலாம். சேர்வதும் விருப்பப்பட்டால் மட்டுமே. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைக் குழு 2009-இல் 12-ஆம் பிரிவுக்கு எழுதிய விளக்கத்திலும் பங்கேற்பு தானாக முன்வந்து செய்வதாகவும் பாதுகாப்பானதாகவும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறது.

வழக்கமாக எழும் ஒரு சந்தேகம்

"கேட்டால் செல்போன் வேண்டும், வீட்டுப்பாடம் வேண்டாம் என்றுதானே சொல்வார்கள்?" சிலர் சொல்வார்கள். முதல் முறை கேட்கும்போது அப்படித்தான் ஆரம்பிக்கும், ஏனென்றால் நிஜமாகத்தான் கேட்கிறார்களா என்று அவர்களும் சோதித்துப் பார்க்கிறார்கள். செல்போன் ஏன் முடியாது என்று மரியாதையாக விளக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால், பேச்சின் தரம் மாறுவதைப் பார்க்கலாம். பிள்ளைகள் கேட்பவை பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். திட்டும்போது தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள் என்பார்கள். சாப்பிடும்போது யாரும் தனியாக உட்காராமல் இருக்க ஏதாவது செய்யுங்கள் என்பார்கள்.

பதில் சொல்வது

இவ்வளவிலும் எது முக்கியம் என்று கேட்டால், நான் பதிலைத்தான் சொல்வேன். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது, கேட்காமலே இருந்ததைவிட மோசம். கேட்காதபோது பிள்ளைக்கு, இவர்களுக்குத் தெரியாது என்றாவது ஓர் ஆறுதல் இருந்தது. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாதபோது, தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை என்றாகிவிடுகிறது. ஏற்கனவே மனம் தளர்ந்திருக்கும் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்?

பதில் சொல்லப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள், மூன்று பத்தி. நீங்கள் சொன்னது. நாங்கள் செய்தது. செய்ய முடியாதது, அதற்கான காரணம். மூன்றாவது பத்தியை வெட்கப்படாமல் எழுதுங்கள். "கழிப்பறைக் கதவுகளை இந்த மாதம் சரிசெய்தோம். மதிய இடைவேளையை நீட்டிக்க முடியவில்லை, ஏனென்றால் கடைசிப் பேருந்து நேரத்தை மாற்ற முடியாது. பதினைந்து நிமிடம் நீட்டிக்க வேறு வழி தெரிந்தால் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்." அதன் கீழே அடுத்த கூட்டத்தின் தேதி. முடியாது என்ற பதிலைக்கூட இப்படிச் சொன்னால், உன்னையும் ஒரு பொருட்டாக மதித்து யோசித்தோம் என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

பள்ளி முழுவதையும் மாற்றும் அதிகாரம் இல்லாத வகுப்பாசிரியர் என்ன செய்வது? உங்கள் வகுப்பில், உங்கள் கையில் மட்டுமே இருக்கும் ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளை எப்படிக் கொடுப்பது, யார் எங்கே உட்காருவது, பதில் தெரியாத பிள்ளையிடம் எப்படிக் கேள்வி கேட்பது. திங்கட்கிழமை சீட்டு கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் எழுதியதில் எதைச் செய்யப் போகிறீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் அதே வகுப்பில் நின்று சொல்லுங்கள்.